தன்மை ஒருமை

விதி எளிது.
‘அவளுக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது.
‘எனக்கு வலிக்கிறது.’
பரீட்சையில் இதற்கு மட்டும் ஐந்து மதிப்பெண்.

நோபிள் பார்க்கில் கடை வாசலில் காரை நிறுத்தி
இரைச்சல் கேட்குமே என்று ஏசியை அணைத்தேன்.
நாற்பத்தொரு டிகிரி. பின் சீட்டில் இரண்டு லிட்டர் பால்.
ஷெப்பர்டனிலிருந்து அழைப்பு.
நர்ஸ் பெயர் ப்ரோன்வின்.
மற்றவளுக்குப் பெயர் சொல்லவில்லை, பிறந்த தேதி மட்டும்:
என் தங்கையைவிட நான்கு மாதம் சின்னவள்.

ஆறு நாளாச்சு, சொன்னபடிதான் குளிசை போட்டனான்.
சொன்னபடிதான் மாத்திரை போட்டேன்.
நேற்று பேரிக்காய் பிரிக்கேக்கை நடுங்கத் தொடங்கீட்டுது.
எனக்குக் காய்ச்சல். எனக்கு அடிவயிறு பிசைகிறது.
எனக்கு மணிக்கு இரண்டு பேட் நனைகிறது,
கட்டி கட்டியாகப் போகிறது.

எவ்வளவு பெரிய கட்டி, ஐம்பது சென்ட் காசு அளவா?

இல்லை, தேசிக்காய் அளவு.

திருநெல்வேலியில் அப்படி ஒரு காய் கிடையாது.
‘மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்’ என்று
என்னையே படர்க்கையாக்கி நர்ஸிடம் அறிவித்துவிட்டு
அவளிடம் கேட்டேன்.
ஐயோ அக்கா, புளிக்குமே, ஊறுகாய் போடுறதல்லோ!

எலுமிச்சை.
ஆனால் இந்த ஊர் எலுமிச்சை கைக்குள் அடங்காது.
யோசித்து, லைம் என்றேன்.
ப்ரோன்வினின் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.
உள்ளே மிச்சம் தங்கியிருக்கலாம், கிருமியும் பிடித்திருக்கலாம்,
உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், காரை அவள் ஓட்டக் கூடாது.

நான் செய்தது பிழை எண்டுதானே இப்பிடி?

நான் செய்தது தவறு என்பதால்தானே இப்படி,
என்று என் குரலில், மூடிய காருக்குள், ஆங்கிலத்தில் கேட்டேன்.

இல்லை லவ், என்றாள் ப்ரோன்வின்.
சிலருக்கு உடம்பு வேலையை முழுசாக முடிப்பதில்லை.
குழந்தை பெற்றவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு.
நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை.

‘லவ்’வை என்ன செய்வது?
இல்லையம்மா, என்றேன். பாதிதான் சரி.

*

கோப்பில் இருக்கும் சொல் கருக்கலைப்பு.
அவள் ஒருதரமும் அதைச் சொல்லவில்லை, ‘அது’ என்றாள்.
அன்று இரவு பாத்திரம் கழுவும்போது உறைத்தது:
தூக்கம் கலையும், கூட்டம் கலையும், மேகம் கலையும்.
மிச்சம் தங்கிவிட்ட எதையும்
கலைந்தது என்று நாம் சொல்வதில்லை.

என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு எண் கிடையாது.
திரிந்த பாலைக் கொட்டினேன்.

*

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய். அதே பிறந்த தேதி.
இந்த முறை டாக்டர்.
அடுத்த மாதவிலக்குக்கு முன்பே கரு தங்கக்கூடும், தெரியுமா?
தெரியாது, என்றேன் நான், இரண்டு பிள்ளை பெற்றவள்.
மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காயில்,
கையில் வைக்கும் குச்சி.

உள்ளுக்கை இனி ஒண்டும் வேண்டாம். குச்சி எண்டால்?
தீக்குச்சி நீளம். மேல்கையில், தோலுக்கு அடியில்.
ரத்தம் போகுமோ?
சிலருக்குத் திட்டுத் திட்டாய்ப் படும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.
தடவிப் பார்த்தால் தெரியுமோ?

தடவிப் பார்த்தால் தெரியுமா, என்று கேட்டேன்.
டாக்டர் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி,
யார் தடவிப் பார்த்தால்? வீட்டில் பயமாக இருக்கிறதா?
நானும் அதற்குள் ஒரு புருஷனைச் செய்து முடித்திருந்தேன்,
மீசை உட்பட.

அவள் சிரித்துவிட்டாள்.
அவர் வெளியிலதான் இருக்கிறார், பிள்ளையளோட.
பெட்டி தூக்கேக்கை நழுவி எங்கையும் போயிடுமோ எண்டு
நான்தான் தடவிப் பாப்பன்.

நழுவாது, என்றார் டாக்டர். நழுவாது, என்றேன்.

கையுறை இழுபடும் சத்தம். மரக்க ஊசி.
அந்த இடைவெளியில் அவள்:
அக்கா, அண்டைக்கும் நீங்கள்தானோ?

அறையில் சொல்லப்படும் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்.
அன்றைக்கும் நீங்கள்தானா, என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

நானா? இல்லையே, என்றார் டாக்டர். இன்றுதான் பார்க்கிறேன்.

இல்லையே, என்றேன் அவளிடம்.
இன்றுதான் பார்க்கிறேன்.